நூற்று அறுபத்தேழு நாள்

காலை ஏழு மணி ஐந்து நிமிடம். முதலில் கண்ணில் பட்டவை நீலம் பூசிய பின்புறங்கள். கொட்டகைக்குள் தீவனத் தொட்டியில் தலையை விட்டிருக்க வேண்டிய நேரத்தில், நாற்பது பெட்டைச் செம்மறிகளும், ஒன்றிரண்டைத் தவிர, கிழக்கு வேலியோரம் நெருக்கியடித்துக்கொண்டு எங்களுக்கு முதுகு காட்டி நின்றன. வால்கள் ஓயாமல் ஆடின. வேலிக்கு அப்பால் செம்பனை எண்ணெய்த் தோட்டம். செம்பனைக்குள் வெகுதூரத்தில், அலுவலகம் மறந்துபோன ஒரு பழுப்புக் கடா. அன்று காற்று அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.

அந்த நீலம், பதினேழு நாளுக்கு முன் இறக்குமதிக் கடா ஒன்று ஏறி இறங்கியதன் அடையாளம். நீலம் விழுந்த பெட்டை சினை என்பது அலுவலகத்தின் கணக்கு. சினையான பெட்டை கடாவைத் தேடி வேலிக்குப் போகாது என்பது ஆட்டின் கணக்கு.

இதை இத்தனை ஆண்டு கழித்து எழுதக் காரணம் திவ்யா. ஜோகூரில் குளுவாங் பக்கம் ஒரு தனியார் பண்ணையில் புதிதாகக் கால்நடை உதவியாளராகச் சேர்ந்திருக்கும் பெண். போன மாதம் வாட்ஸாப்பில் கேட்டிருந்தார்: “அங்கிள், இம்போர்ட் கடா போட்டா சினைக்காலம் 167 நாள்தானே? ஆப் அப்படித்தான் காட்டுது.” செம்மறிக்குச் சினைக்காலம் ஏறக்குறைய நூற்றைம்பது நாள். கடா எந்த நாட்டுக் கடிதத்தோடு வந்தாலும் அதே நூற்றைம்பதுதான். செயலியில் கூடுதல் பதினேழு நாளுக்கு ‘வெப்பமண்டலத் திருத்தம்’ என்று பெயர் போட்டிருக்கிறார்கள். அந்தப் பதினேழு நாள் எங்கிருந்து வந்தது என்று உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவன் நான். மற்றவர் அப்போது எங்கள் கொட்டகையைப் பார்த்துக்கொண்ட சரோஜா. அவர் இப்போது ஸ்கூடாயில் மகள் வீட்டில் தங்கி, தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூரில் ஓர் உணவுத் தொழிற்சாலைக்குப் போய்வருகிறார். எழுதலாமா என்று போன் போட்டுக் கேட்டேன். “எழுதுங்கண்ணே, இனிமே எவன் என்னை வேலைய விட்டுத் தூக்கப் போறான்” என்றார்.

நான் முப்பத்திரண்டு ஆண்டு கால்நடை உதவியாளராக இருந்தேன். கடைசிப் பதினான்கு ஆண்டு கோத்தா திங்கிக்கு உள்ளே, செம்பனைக்கு நடுவில், ஓர் ஆட்டினப்பெருக்க நிலையத்தில். நிலையம் இன்று இல்லை, பெயரும் வேண்டாம். அதற்கு முன்பு சில ஆண்டு ஒரு தமிழ் நாளிதழுக்குப் பகுதிநேரமாகச் செய்தி அனுப்பியதுண்டு. நேரத்தையும் எண்ணிக்கையையும் முதலில் எழுது, அபிப்பிராயத்தை எழுதாதே என்று அங்கே சொன்னார்கள். ஆட்டுக்கொட்டகைக்கு அதைவிட நல்ல பயிற்சி கிடையாது. அரசாங்கம் தந்த பயிற்சி ஆறு மாதம்: மாடு நான்கு மாதம், கோழி ஒன்றரை மாதம், மிச்சம் பதினைந்து நாள் ஆடு. அந்தப் பதினைந்தில் ஒரு வாரம் பெருநாள் விடுமுறை.

ஆகவே ஆட்டைத் தவறு செய்துதான் கற்றுக்கொண்டேன். முதல் ஆண்டில், புதிதாக வந்த இரண்டு கடாக்களை ஒன்றாகத் திறந்தவெளியில் விட்டேன். இரண்டும் ஒன்றையொன்று பார்த்தபடி பின்னோக்கி நடந்தன. எனக்கு அது மரியாதையாகத் தோன்றியது. இருபது அடி பின்வாங்கிய பிறகு ஓடிவந்து மோதியதில் ஒன்றின் கழுத்து முறிந்தது. அதன் பிறகு புதிய கடாக்களை, பின்வாங்க இடமில்லாத சின்ன அடைப்பில் ஒரு நாள் முழுக்க நெருக்கி அடைத்துவைப்பேன். ஓடிவர இடமில்லாவிட்டால் வீரம் பாதியாகக் குறைந்துவிடும். மறுநாள் இரண்டும் ஒரே நாற்றத்தோடு வெளியே வரும், சண்டைக்குக் காரணம் இருக்காது. எங்கள் அலுவலகக் கூட்ட அறையும் ஏறக்குறைய அதே அளவுதான்.

பெட்டைகளை ஒரே நேரத்தில் பருவத்துக்குக் கொண்டுவருவதில் மர்மம் ஒன்றுமில்லை. மருந்து ஊறிய நுரைப்பஞ்சு ஒன்றை, கட்டைவிரல் பருமன் இருக்கும், குழாய் வழியாகப் பெட்டையின் உறுப்புக்குள் வைக்க வேண்டும். நூல் வெளியே தொங்கும். பஞ்சு உள்ளே இருக்கும்வரை உடம்பு தன்னைச் சினை என்று நம்பிக்கொண்டிருக்கும். பதினான்காம் நாள் நூலைப் பிடித்து மெதுவாக, கீழ்நோக்கிச் சாய்த்து இழுக்க வேண்டும். அவசரப்பட்டு நேராக இழுத்தால் நூல் மட்டும் கையோடு வரும். பஞ்சை எடுத்த கையோடு ஓர் ஊசி. இரண்டு நாளுக்குள் மந்தை முழுக்கப் பருவத்துக்கு வந்து நிற்கும்.

கடாக்களை அதற்கு ஒரு மாதம் முன்பே கண்ணுக்கும் காதுக்கும் மூக்குக்கும் எட்டாத இடத்துக்குக் கொண்டுபோய்விட வேண்டும். தினமும் பார்க்கிற முகத்துக்கு மதிப்பில்லை. ஒரே நாளில் பருவத்துக்கு வரும் பெட்டைகள் என்றால் பத்துக்கு ஒரு கடா. அதற்கு மேல் கொடுத்தால் ஏறுவது நடக்கும், மற்றது நடக்காது. கடாவின் மார்பில் வார் கட்டி அதில் சாயக்கட்டி மாட்டுவோம். ஏறியதும் பெட்டையின் பின்புறத்தில் நிறம் விழும். முதலில் மஞ்சள் மாதிரி வெளிர்நிறம். இரண்டு வாரம் கழித்து அதைவிட ஆழ்ந்த நிறம். சினை பிடிக்காத பெட்டை பதினேழாம் நாள் வாக்கில் மறுபடி பருவத்துக்கு வந்து இரண்டாவது நிறத்தை வாங்கும். இரண்டாவது நிறம் என்பது முதல் நிறத்தின் மீதான தணிக்கை அறிக்கை.

டாக்டர் ஹிஷாம் நிலையத்தின் தலைவராக வந்தபோது இந்த முறை மாறியது. டாக்டர் என்றால் மருத்துவர் அல்ல, நிர்வாகவியலில் வாங்கிய பட்டம். நல்ல மனிதர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. வெள்ளை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வேலிக்கு வெளியே நிற்பார். அவர் இருந்த காலம் முழுக்க அந்தப் பூட்ஸ் வெள்ளையாகவே இருந்தது. சொல்ல வேண்டியதை மஞ்சள் ஒட்டுத்தாளில் எழுதி அவரவர் மேசையில் ஒட்டிவிடுவார். மேசை இல்லாதவர்களுக்குக் கொட்டகைத் தூணில். ஈரக்காற்றில் தாள் விழும், விழுந்ததை ஆடு தின்னும், ஆனாலும் உத்தரவு வழங்கப்பட்டதாகவே பொருள். எந்தப் பேச்சையும் ஒரே வாக்கியத்தில் முடிப்பார்: “டேட்டா சுடா மாசோக்.” தரவு உள்ளே போய்விட்டது. போனது வெளியே வராது என்பதை அவர் சொல்வதில்லை, நாங்களே புரிந்துகொள்வோம்.

அவர் வந்து இரண்டாண்டு முடிந்த சமயம், புத்ராஜெயா அமைச்சகத்திலிருந்து ஒரு பெரிய மனிதர் வருகை தருவதாகக் கடிதம் வந்தது. டாக்டர் ஹிஷாம் வெள்ளைப்பலகையில் தேதியை எழுதிப் பின்னோக்கி எண்ணினார். வருகையன்று குட்டிகள் பத்து நாள் வயதில், சொந்தக் காலில், வெள்ளை உடம்பும் கருந்தலையுமாக நிற்க வேண்டும். பத்தும் நூற்றைம்பதும் நூற்று அறுபது. வருகைக்கு அத்தனை நாள் முன்பு நாற்பது பெட்டைக்கும் கடா சேர்ந்தாக வேண்டும். ஒரே கடா: 0417.

0417 இறக்குமதிக் கடா. பார்த்தாலே படம் எடுக்கத் தோன்றும். படம் எடுக்க வசதியாக அதை அலுவலக முகப்பில், தகரக் கூரையும் மூன்று பக்கம் கண்ணாடியும் போட்ட காட்சிக்கூண்டில் ஏழு வாரம் வைத்திருந்தார்கள். கடாவின் விதைப்பை உடலுக்கு வெளியே தொங்குவது குளிர்ச்சிக்காக. அந்தக் கூண்டில் உள்ளும் வெளியும் ஒன்றுதான். சேர்க்கைக்கு முன் சோதிப்பது என் வேலை. பல், குளம்பு, கண் எல்லாம் சரி. நாடாவில் விதைப்பைச் சுற்றளவு முப்பத்தைந்து சென்டிமீட்டர், நன்று. கையால் அழுத்தினால் காய்த் தக்காளியின் இறுக்கம் இருக்க வேண்டும். இது நாலு நாள் வெளியே கிடந்த பழம். படிவத்தில் சுற்றளவுக்குக் கட்டம் உண்டு, மென்மைக்கு இல்லை. ஓரத்தில் எழுதினேன். கணினியில் ஓரம் இல்லை.

சூட்டில் கெட்ட விந்து தேற, இதை நிழலில் கட்டி இரண்டு மாதம் பொறுக்கலாம் என்றேன். மற்றக் கடாக்கள் முந்திய ஆண்டே கழிக்கப்பட்டிருந்தன. எஞ்சியது 112 ஒன்று: பழுப்பு உடம்பு, கரிய வயிறு, எப்போதோ கப்பலில் வந்து கம்பத்து நாட்டு ஆடாகவே ஆகிவிட்ட இனம். புதிய திட்டத்தில் இடமில்லாததால் செம்பனைக்குள் பழைய அடைப்பில், நல்ல நிழலில், நல்ல காற்றில் கிடந்தது. யாரும் கவனிக்காததால் ஆரோக்கியமாக இருந்தது. அதைப் பற்றிப் பேச டாக்டர் ஹிஷாம் விரும்பவில்லை. சாயக்கட்டி மஞ்சள் வேண்டும் என்றேன். வரவேற்புப் பதாகை நீலம் என்றார்.

கொட்டகைப் பொறுப்பு சரோஜாவுடையது. பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, தோட்டம் கைமாறி வீடு போனபோது இங்கே ஒப்பந்த வேலைக்கு வந்தவர். ஒப்பந்தம் ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். வேலையோடு நிலையத்திலேயே ஓர் அறையும் சமையல்கட்டும். வேலை போனால் அவையும் போகும். கணவர் இல்லை. மகள் அந்த ஆண்டு பள்ளியிறுதியான ஐந்தாம் படிவத் தேர்வு எழுதவிருந்தாள். தூணில் சரோஜாவுக்கு ஒட்டிய தாளில் இரண்டு வரி இருந்தது: வருகைக்கு முன் முப்பது குட்டி. தவறினால் கொட்டகை ஆள் மாற்றம்.

சரோஜா அதை ஆடு தின்னும் முன் என்னிடம் எடுத்துவந்தார். “முப்பது குட்டி போடணும்னு எனக்கு எழுதியிருக்காரு. ஆட்டுக்கு யாருண்ணே சொல்றது?”

0417 இரண்டு நாளில் நாற்பதையும் நீலமாக்கியது. ஆர்வத்தில் குறையே சொல்ல முடியாது. டாக்டர் ஹிஷாம் வேலிக்கு வெளியே நின்று எண்ணினார். மதியச் சாப்பாட்டுக்கு முன் அறிக்கை போய்விட்டது: நூறு விழுக்காடு வெற்றி. பதினான்காம் நாள், கட்டியின் நிறத்தை மாற்றி 0417ஐ மறுபடி உள்ளே விடலாமா என்று கேட்டேன். பதில் அனுப்பியாகிவிட்டது, இனிமேல் கேள்வி எதற்கு என்று கனிவாகக் கேட்டார். டேட்டா சுடா மாசோக்.

பதினேழாம் நாள் காலை ஏழு ஐந்துக்கு நாங்கள் கண்டது மேலே எழுதியது.

சரோஜா வாளியைக் கீழே வைத்தார்.

“அலமாக். எல்லாம் புகுந்த வீட்டைப் பாத்து நிக்கிற மாதிரி நிக்கிதுங்க.”

நீலம் பிடிக்கவில்லை என்றேன்.

“ஒண்ணுகூடவா?”

ஒன்றுகூட இல்லை போலிருக்கிறது என்றேன். அவர் தன் அறைப் பக்கம் பார்த்தார். கொடியில் மகளின் பள்ளிச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது.

“அங்க ஒருத்தன் சும்மாதான கெடக்கான்” என்றார், செம்பனையைக் காட்டி.

உத்தரவு இல்லாமல் செய்ய முடியாது என்றேன்.

“தெரிஞ்சா ஒங்களுக்கு என்னண்ணே ஆவும்?”

“இடமாற்றம்.”

“எனக்கு வேலை போயிரும். சும்மா நின்னாலும் போவும். அப்ப எனக்கு என்ன வித்தியாசம் லா?”

இன்று சேர்த்தால் குட்டிகள் பதினேழு நாள் பிந்தும், அதாவது வருகைக்கு ஒரு வாரம் கழித்துத்தான் பிறக்கும் என்று விரல் விட்டுச் சொன்னேன். பிறகு வேறொரு கணக்கும் நினைவுக்கு வந்தது. என் பணிக்காலத்தில் எந்தப் பெரிய மனிதரும் முதலில் சொன்ன தேதியில் வந்ததில்லை. இரண்டு மூன்று வாரம் தள்ளித்தான் வருவார்கள். பெட்டைகளின் பருவத்தைவிட அந்தச் சுழற்சி நம்பத்தகுந்தது. அதை நம்பினேன்.

அலுவலகம் எட்டுக்குத் திறக்கும், ஐந்துக்கு மூடும். காலை ஏழுக்கு ஐந்து பெட்டை, மாலை ஐந்தரைக்கு ஐந்து. செம்பனைக்குள் சரோஜா ஓட்டிவருவார், நான் அடைப்பில் பிடித்துக்கொடுப்பேன். ஒரு பெட்டைக்கு ஒரே முறை. அடுத்ததற்கு முன் கடாவுக்குப் பத்து நிமிட ஓய்வு, தண்ணீர், கொஞ்சம் செம்பனைப் புண்ணாக்கு. எது முடிந்தது எது முடியவில்லை என்று தெரிய வேண்டுமே என்றேன். சரோஜா 112இன் மார்பில் அதே நீலக் கட்டியைக் கட்டினார். நீலத்தின் மேல் நீலம் விழுந்தால் நீலம்தான், புதியது கொஞ்சம் பளபளக்கும். நான்கு நாளில் நாற்பதும் முடிந்தன. ஐந்தாம் நாள் டாக்டர் ஹிஷாம் வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு என் மேசையில் ஒட்டினார்: சாயம் மூன்று வாரமாகியும் மங்கவில்லை. இதே கட்டியைத் தொடர்ந்து வாங்குக.

அடுத்த பதினேழு நாள் கழித்துக் கிழக்கு வேலியில் பதினொன்று மட்டும் நின்றன. மீதி இருபத்தொன்பதும் தொட்டியில் தலையை விட்டுத் தின்றுகொண்டிருந்தன. ஆடு தின்பதைப் பார்த்து ஒருவர் அழுததை அன்றுதான் பார்த்தேன். புகையிலைக் காரம் என்றார் சரோஜா. அவர் புகையிலை போடுவதில்லை.

வெள்ளைப்பலகைக் கணக்குப்படி ஆடுகள் ஈன வேண்டிய தேதி வந்தது. குட்டி இல்லை. வெள்ளைப் பூட்ஸ் ஆறு நாள் தொடர்ந்து வந்து நின்றது. ஏழாம் நாள் சரோஜாவுக்குக் காரணம் கேட்கும் கடிதம். குறித்த தேதியில் ஆடுகள் ஏன் ஈனவில்லை என்பதை ஏழு நாளுக்குள் எழுத்துமூலம் விளக்க வேண்டும், விளக்கம் திருப்தியாக இல்லாவிட்டால் மாதக் கடைசியோடு ஒப்பந்தம் முடியும்.

“இது ஆட்டுக்குப் போவ வேண்டிய கடுதாசிண்ணே. அட்ரஸ் மாறி எனக்கு வந்திருச்சு” என்றார். சிரிக்கவில்லை.

விளக்கப் படிவத்தில் நான்கு கட்டங்கள்: நோய், தீவனம், தட்பவெப்பம், மற்றவை. மற்றவை என்றால் கீழே எழுத வேண்டும். எழுதினால் 112ஐப் பற்றி எழுத வேண்டும். மடி இறங்கியிருக்கிறது, இரண்டு வாரத்தில் உறுதியாக ஈனும் என்று உண்மையை மேலே எழுதி, தட்பவெப்பத்துக்கு எதிரே குறியிட்டேன். சரோஜா கையெழுத்துப் போட்டார். திவ்யாவின் செயலியில் இருக்கும் பதினேழு நாள் அந்தக் குறிதான். என் பேனா.

வருகைக்கு முந்தின நாள், வேறொரு நிகழ்ச்சி காரணமாகப் பெரிய மனிதரின் வருகை மூன்று வாரம் தள்ளிவைக்கப்பட்டதாகத் தகவல் வந்தது. விளக்கக் கடிதத்தை அதுவரை நிறுத்திவைப்பதாக டாக்டர் ஹிஷாம் தூணில் ஒட்டினார். பதாகையில் தேதியின் மேல் புதுத் தேதியை ஒட்டினார்கள்.

அதிலிருந்து எட்டாம் நாள் காலை ஆறு நாற்பதுக்கு முதல் குட்டி விழுந்தது. சரோஜா வைக்கோலால் துடைத்துத் தூக்கிக் காட்டினார். பழுப்பு உடம்பு, மை பூசியது போல வயிறு.

“அப்பன உரிச்சு வச்சிருக்கு. ரெண்டு நிமிஷம் பாத்தா யாருக்கும் தெரிஞ்சிரும்.”

ஒரு வாரத்தில் இருபத்தொன்பது பெட்டைகளும் ஈன்றன. நான்கு இரட்டை. மொத்தம் முப்பத்து மூன்று, பெரும்பாலானவை கரிய வயிறு. டாக்டர் ஹிஷாம் வேலிக்கு வெளியே வெகுநேரம் நின்றார். பிறகு, எனக்குத் தெரிந்து முதல் முறையாக, கட்டத்தில் அடங்காத ஒரு கேள்வி கேட்டார். தந்தை வெள்ளை, தாய்களும் ஏறக்குறைய வெள்ளை, வயிறு ஏன் கறுப்பு, மணியம்?

சரோஜா எனக்குப் பின்னால் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர்ச் சத்தம் நின்றது.

“வெயிலாக இருக்கலாம், டாக்டர்” என்றேன்.

அவர் சட்டைப்பையிலிருந்து மஞ்சள் தாளை எடுத்தார்.

வருகையன்று பெரிய மனிதர் ஒரு குட்டியைத் தூக்கி அதே கேள்வியைக் கேட்டார். டாக்டர் ஹிஷாமிடம் பதில் தயாராக இருந்தது. இறக்குமதி இனம் ஜோகூர் வெப்பத்துக்குத் தன்னைத் தகவமைத்துக்கொள்கிறது. சினைக்காலம் பதினேழு நாள் நீள்கிறது. தரைச்சூட்டைத் தாங்க வயிறு கறுக்கிறது. எல்லோரும் கைதட்டினார்கள். பின்வரிசையில் சரோஜா என் காதருகே, “அப்ப நம்ம வயிறு ஏண்ணே இன்னும் கறுக்கல?” என்றார். பிறகு அவரும் தட்டினார்.

அந்தப் பதில் அடுத்து ஸ்கூடாய் பக்கம் ஒரு கருத்தரங்கில் கட்டுரையாக வாசிக்கப்பட்டது. கட்டுரை பயிற்சிப் பாடமாகி, பாடம் செயலிக்குள் போனது. 0417க்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ் சட்டமிடப்பட்டு, கடாவோடு வேறொரு நிலையத்துக்கு அனுப்பப்பட்டது. அங்கே அதன் பெட்டைகளுக்குத் தேதியைத் திருத்தித் திருத்தி எழுதுவதாகக் கேள்விப்பட்டேன். சரோஜாவின் ஒப்பந்தம் முதல் முறையாக மூன்று ஆண்டுக்குப் புதுப்பிக்கப்பட்டது. காரணம் என்ற இடத்தில், 0417இன் குட்டிகளைச் சிறப்பாகப் பராமரித்தமை என்று இருந்தது. மகள் அந்த அறையிலிருந்தே தேர்வெழுதித் தேறினாள்.

பதிவேட்டில் குட்டிகளை ஏற்றுவது என் வேலை. தந்தை என்ற கட்டத்தில் முப்பத்து மூன்று முறை 0417 என்று எழுதினேன்.

அடுத்து கழிக்க வேண்டிய விலங்குகளின் பட்டியல் வந்தது. மூன்றாண்டாகக் குட்டி ஏதும் இல்லாத கடாக்கள் என்ற தலைப்பின் கீழ் ஒரே எண். டாக்டர் ஹிஷாமின் அறைக்குப் போய், 112ஐ வைத்துக்கொள்ளலாம் என்றேன். அவர் பொறுமையாகத் திரையை என் பக்கம் திருப்பினார். இந்தக் கடா இதுவரை என்ன செய்திருக்கிறது, மணியம், சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன் என்றார். உண்மையாகவே பேனாவைத் திறந்துவைத்திருந்தார். சொல்வதானால் சரோஜாவின் மூன்றாண்டுக் கடிதத்திலிருந்து தொடங்க வேண்டும். திரையை அவர் பக்கமே திருப்பிவிட்டேன். அவர் பேனாவை மூடினார்.

ஹஜ்ஜுப் பெருநாள் குர்பான் பலிக்காக ஒரு சூராவுக்கு, சிறு தொழுகைக்கூடத்துக்கு, அது ஒதுக்கப்பட்டது. வேறு ஆள் பிடித்தால் முரண்டு பிடிக்கும் என்று சரோஜாவே கயிற்றைப் பிடித்து லாரியில் ஏற்றினார். புதிய ஒப்பந்தத்தில் அவருடைய முதல் வேலை அது. லாரி எட்டு இருபதுக்குக் கிளம்பியது.

பழைய நிலையங்களின் பதிவேடுகளையும் அந்தச் செயலியில் ஏற்றியிருக்கிறார்கள். போன வாரம் திவ்யாவிடம், 112 என்று தட்டிப் பார்க்கச் சொன்னேன். திரையைப் படமெடுத்து அனுப்பினார். இனம்: உள்ளூர். நிறம்: பழுப்பு, வயிறு கறுப்பு. குட்டிகள்: இல்லை.